தோற்றவர்க்கும் ஓர் இருக்கை

கணித அறிஞர் ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கி 1993ஆம் ஆண்டில் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்', அவரவர் சேகரித்த அட்டைகளைக் கொண்டே ஆடும் விளையாட்டாகும். எங்கள் ஊரில் அதனை ஆடுவோர் பெருகியபோது, போட்டி நடத்தும் பொறுப்பை நான் ஏற்றேன்.

வந்தவர் 16 பேர். தோற்றவரை வெளியேற்றும் முறையெனில், முதற்சுற்றிலேயே எண்மர் வீடு திரும்புவர். அவர்கள் மறுமுறை வருவது ஐயமே. ஆகவே, சதுரங்கப் போட்டிகளில் வழங்கும் சுவிஸ் முறையைத் தேர்ந்தேன். அதில் சமப்புள்ளி பெற்றவர்கள் தம்முள் மோதுவர்; எவரும் வெளியேற்றப்படார்.

மூன்று சுற்றுகளிலும் தோற்ற சிறுவன் ஒருவன், நான்காம் சுற்றில் தன்னைப் போன்றே தோற்றிருந்தவரை வென்றான். "அடுத்த போட்டி எப்போது ஐயா?" என்று வினவினான்.

வளர்ந்துவரும் களம், தோற்றும் திரும்பி வருவோரால்தான் நிலைக்கிறது.