எம்டனும் வழித்துணையும்

எங்கள் பக்கத்தில் துணிவும் தந்திரமும் மிக்க ஒருவனை ‘எம்டன்’ என்பார்கள். “அவன் சரியான எம்டன், அவனிடம் கொடுக்கல் வாங்கல் வேண்டாம்” என்று கடைத்தெருவில் ஒருவர் மற்றவரை எச்சரிப்பதை இன்றும் கேட்கலாம். அந்நிய நாட்டுப் போர்க்கப்பல் ஒன்றின் பெயரைத் தமிழ் இவ்வாறு தன் வழக்குச் சொல்லாக்கிக் கொண்டது. சிங்களத்திலும் இச்சொல் ஏறக்குறைய இதே பொருளில் வழங்குகிறது.

ஆனால் என் உம்மும்மா இச்சொல்லைச் சிரித்துக்கொண்டு சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுடைய வாப்பா பினாங்கில் சிறு கடை வைத்திருந்த சபராளி. 1914ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவரிடமிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை. “கப்பல் ஓடவில்லை, எம்டன் கடலில் நிற்கிறான்” என்று ஊரார் பேசிக்கொண்டதையும், கைக்குழந்தையோடு தம் தாயார் நாள் எண்ணிக்கொண்டிருந்ததையும் உம்மும்மா பிற்காலத்தில் தாயார் சொல்லக் கேட்டு எங்களுக்குச் சொன்னார்கள். கரையில் காத்திருந்த பெண்களுக்கு அது வீரத்தின் பெயர் அன்று.

எம்டன் ஜெர்மானியப் பேரரசின் இலகு வகைப் போர்க்கப்பல். சீனக் கரையில் சிங்டாவோ துறையைத் தளமாகக் கொண்ட அணியைச் சேர்ந்தது. அதன் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர். முதல் உலகப் போர் மூண்டதும் அந்த அணி பசிபிக் மாக்கடலைக் கடந்து தென்னமெரிக்காவை நோக்கிச் செல்ல, எம்டன் மட்டும் இந்துமாக்கடலில் வேட்டையாட அனுப்பப்பட்டது. 1914 செப்டம்பர் 10 முதல் வங்கக் கடலில் கப்பல்கள் ஒவ்வொன்றாக அதன் கையில் சிக்கின. செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. இரண்டு தொட்டிகள் எரிந்தன. அரைமணி நேரத்துக்குள் விளக்குகளை அணைத்துக்கொண்டு இருளில் மறைந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதிலில் அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் நான் நின்று படிப்பதுண்டு. அன்றிரவு குறைந்தது ஐந்து பேர் மாண்டனர். எம்டன் என்ற பெயரை அறிந்த நம்மில் அந்த ஐவரில் ஒருவர் பெயரையேனும் அறிந்தவர் எத்தனை பேர்?

இங்கு ஒரு சொல். செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்று தமிழ்நாட்டில் பலரும் நம்புகின்றனர், மேடைகளிலும் முழங்குகின்றனர். அதற்குச் சான்று இல்லை. அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். நாட்டுப்பற்று மிக்க ஒருவரை, அவர் ஏறாத கப்பலில் ஏற்றித்தான் போற்ற வேண்டும் என்பதில்லை.

முல்லர் பண்பாளர் என்பதை அவருடைய பகைவரே ஒப்புக்கொண்டனர். பிடிபட்ட வணிகக் கப்பலின் மாலுமிகளை இறக்கி, வேறொரு கப்பலில் ஏற்றிக் கரைக்கு அனுப்ப வழிசெய்த பின்னரே அதை மூழ்கடிப்பார். அக்டோபர் 9ஆம் நாள் டியேகோ கார்சியா தீவை அடைந்தபோது, போர் மூண்ட செய்தியே அங்கு எட்டியிருக்கவில்லை. தீவினர் இன்முகத்தோடு வரவேற்றனர். ஜெர்மானியர் அவர்களுடைய பழுதுபட்ட இயந்திரப் படகைச் செப்பனிட்டுக் கொடுத்துப் போயினர். படிக்கும்போது யாருக்கும் சிரிப்பு வரும். அதே கப்பல்தான் அடுத்த சில நாள்களில் மினிக்காய்த் தீவை அண்டிய கடலில் ஏழு கப்பல்களைப் பிடித்தது. அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைக்குள்ளேயே புகுந்து ரஷ்யப் போர்க்கப்பலான ஜெம்சுகைச் சிதறடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். உம்மும்மாவின் வாப்பா அந்த வெடியோசையைத் தம் காதால் கேட்டவர். ஊர் திரும்பிய பின்னும் அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லையாம்.

ஒரே ஒரு கப்பலைப் பிடிக்க ஏன் இவ்வளவு நாள் ஆயிற்று? பிரிட்டனின் ஹாம்ப்ஷயர், யார்மவுத், ஜப்பானின் சிக்குமா, ரஷ்யாவின் அஸ்கோல்ட் எனப் பல கப்பல்கள் தேடின. கடலோ பரந்தது. எம்டன் தன் கம்பியில்லாத் தந்தியை வாய் திறக்கவிடாமல் வைத்துக்கொண்டு, பிறர் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டே அலைந்தது. அதற்குப் புகைபோக்கி மூன்று. நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தித் தூரத்திலிருந்து பார்ப்போருக்குப் பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றியது. உயிர்நாடியான நிலக்கரியையும், தான் பிடித்த கப்பல்களிலிருந்தே எடுத்துக்கொண்டது. யார்மவுத் ஒருமுறை சுமத்திரா அருகே எம்டனின் கரிக்கப்பலை மூழ்கடித்தது, எம்டனோ அங்கில்லை.

எல்லாவற்றிலும் பெரிய காரணம், வணிகக் கப்பல்கள் தனித்தனியே சென்றதுதான். துருப்புகளை ஏற்றிய கப்பல்களுக்கு மட்டுமே போர்க்கப்பல்கள் வழித்துணை சென்றன. வணிகக் கப்பல்களையும் அணி அணியாகச் செலுத்தும் முறையைப் பிரிட்டிஷ் கடற்படை 1917இல்தான், நீர்மூழ்கிக் கப்பல்களால் நேர்ந்த அழிவு தாங்க முடியாமற்போன பின்னர்தான், ஏற்றது. கூடிச் செல்வதில் காப்பு உண்டென்பதைப் பாலைவனத்து ஒட்டகக்காரர் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்! தரைவழி வணிகக் கூட்டத்தை நம் முன்னோர் ‘சாத்து’ என்றனர். சிலப்பதிகாரக் கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. அரபியில் அது ‘காஃபிலா’. மாணவர்களுக்கு இச்சொல்லைக் கற்பிக்கும்போது நான் சற்று நின்று விளக்குவது வழக்கம். ‘கஃபல’ என்றால் திரும்பினான் என்று பொருள். ஆகவே காஃபிலா என்பதற்குத் ‘திரும்பி வரும் கூட்டம்’ என்பதே நேர்ப்பொருள். புறப்பட்டுச் செல்லும் கூட்டத்துக்கும் ஏன் அப்பெயர் வந்தது? நலமாகத் திரும்பட்டும் என்ற நற்சகுனத்துக்காக அரபிகள் அப்படி அழைத்தனர் என்று அகராதி ஆசிரியர்கள் விளக்கம் கூறுவர். உயிர் பறிக்கும் பாலைக்கு ‘மஃபாஸா’, அதாவது ‘தப்பிப் பிழைக்கும் இடம்’ என்று பெயரிட்டதும் அவ்வாறே. போனவர் திரும்புவாரோ மாட்டாரோ என்னும் அச்சமே இச்சொற்களின் அடியில் கிடக்கிறது.

அத்தகைய ஒரு கடற்காஃபிலா 1914 நவம்பர் 1ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறையிலிருந்து புறப்பட்டது. வழியில் சேர்ந்துகொண்ட இரண்டையும் கூட்டினால் மொத்தம் 38 கப்பல்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்பினர் ஏறக்குறைய 30,000 பேர். அவர்களோடு ஆயிரக்கணக்கான குதிரைகள். அணியின் வேகம் அதன் மிக மெதுவான கப்பலின் வேகமே. ஆற்றல் மிக்கது ஆற்றல் குறைந்ததற்காக நடையைத் தளர்த்தியாக வேண்டும். மினோட்டார், மெல்போர்ன், சிட்னி ஆகிய கப்பல்களும், ஜப்பானின் இபுக்கியும் வழித்துணை. நவம்பர் 8ஆம் நாள் மினோட்டார் வேறு பணிக்கு அழைக்கப்பட்டுப் பிரிந்து செல்ல, காவற் பொறுப்பு முழுதும் மெல்போர்னின் தலைவர் மார்ட்டிமர் சில்வரிடம் வந்தது.

மறுநாள் காலை. கொக்கோஸ் தீவுகளில் ஒன்றான டைரக்ஷன் தீவில் கடலடித் தந்தி நிலையம் இருந்தது. அதை அழிக்க எம்டன் ஐம்பது பேரை இறக்கியது. நிலையத்தார் கைப்படுமுன், அந்நியப் போர்க்கப்பல் வந்திருப்பதாக வானில் செய்தி விட்டுவிட்டனர். அங்கிருந்து ஐம்பது மைல் அளவு தூரத்திலேயே அக்காஃபிலா சென்றுகொண்டிருந்தது என்பது முல்லருக்குத் தெரியாது.

செய்தி கேட்ட சில்வர் தம் கப்பலையே தீவை நோக்கித் திருப்பிவிட்டார். மூன்று மாதமாக உலகமே தேடிய இரை! எந்தக் கடற்படை வீரருக்குத்தான் கை துடிக்காது? ஆனால் அணியின் காப்பு தம் தலைமேல் இருப்பதை எண்ணி மீண்டும் கப்பலைத் திருப்பித் தம் இடத்துக்கு வந்தார், சிட்னியை அனுப்பினார். இபுக்கி போர்க்கொடியை ஏற்றி, தானும் போக அனுமதி கேட்டது. அங்கிருந்தவற்றுள் மிகப் பெரிய பீரங்கிகள் அதனிடமே இருந்தன. வேறு பகைக் கப்பல்களும் அருகே இருக்கக்கூடும், அணியை விட்டு அகலலாகாது என்று சில்வர் மறுத்துவிட்டார். இபுக்கி பணிந்து நின்றது.

ஜான் கிளாசாப் தலைமையில் சென்ற சிட்னி எம்டனை வென்றதும், சிதைந்த எம்டன் வடகீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றதும், அதில் 130க்கும் மேற்பட்டோரும் சிட்னியில் நால்வரும் மடிந்ததும் பல நூல்களில் விரிவாக உள்ளன. எனக்கு அவற்றினும் மேலாகப் படுவது அந்தத் திரும்பல்தான். முல்லர், கிளாசாப் ஆகியோரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டனர். நம்பி ஒப்படைக்கப்பட்டதை அமானிதம் என்கிறோம். அதைக் காக்கக் கையிலிருந்த புகழை விட்டுவிட்டு வந்த மனிதரைப் பற்றி எழுத ஆள் குறைவு.

ஆயினும் இதை எழுதும்போது என் உள்ளம் முற்றும் தெளிவாக இல்லை. அக்காஃபிலா கடலில் இருந்த நாளில்தான், நவம்பர் 5 அன்று, பிரிட்டன் துருக்கியின் மீது போர் அறிவித்தது. ஐரோப்பாவுக்கெனப் புறப்பட்ட அத்துருப்பு எகிப்தில் இறக்கப்பட்டு, 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்போலிக் கரையில் துருக்கிப் படையின் முன் நிறுத்தப்பட்டது. வேறொரு காஃபிலா பம்பாயிலிருந்து இந்தியத் துருப்புகளை, அவர்களுள் முஸ்லிம்களையும் ஏற்றிச் சென்று, 1914 நவம்பரில் ஈராக்கின் ஃபாவ் கரையில் இறக்கியது. கலீஃபாவின் படைக்கு எதிரே கலிமா சொன்னவர்களே துப்பாக்கி ஏந்தி நின்ற அவலத்தை என் ஆசிரியர் ஒருவர் தழுதழுத்த குரலில் விளக்கியதுண்டு. காவலர் ஒழுங்காகக் காத்ததால்தான் அக்கப்பல்கள் அங்குப் போய்ச் சேர்ந்தன. சில்வரின் நேர்மையை நான் மதிக்கிறேன். அவர் காத்துக் கொண்டுபோய்ச் சேர்த்ததை எண்ணி மகிழ என்னால் இயலவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கவும் எனக்குத் தெரியவில்லை.

தீவில் இறங்கிய ஐம்பது பேர் என்னவாயினர்? ஹெல்முத் ஃபொன் மியூக்கே என்ற அதிகாரியின் தலைமையில், அங்கு நின்ற பழைய பாய்மரக் கப்பலொன்றை எடுத்துக்கொண்டு அன்று மாலையே தப்பினர். அக்கப்பலின் பெயர் ஆயிஷா! சுமத்திராவின் பாடாங்கு வரை அதில் சென்று, பின் ஒரு ஜெர்மானியச் சரக்குக் கப்பலுக்கு மாறி, 1915 ஜனவரியில் யமனின் ஹுதைதா கரையில் இறங்கினர். துருக்கியர் அவர்களை நண்பர்களாக ஏற்றனர். வடக்கே செல்லக் கடல்வழி ஆபத்தானபோது ஒட்டகங்களை அமர்த்திக்கொண்டு ஜித்தாவை நோக்கி நடந்தனர். கடலில் தனிக்கப்பல்களை வேட்டையாடியவர்கள் இப்போது தாமே ஒரு காஃபிலா ஆயினர். வழியில் பதவீக்கள் சூழ்ந்து சுட்டனர். ஒட்டகங்களையும் மூட்டைகளையும் அரணாக்கி மணலைத் தோண்டி, மூன்று நாள் தாகத்தோடு கிடந்தனர், சிலர் உயிரிழந்தனர். மக்கா அமீரின் படை வந்தே முற்றுகை விலகியது. அதன்பின் படகிலும் ஒட்டகத்திலுமாக வடக்கே சென்று, அல்உலாவில் ஹிஜாஸ் இரயிலேறி, மே மாதத்தில் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தனர்.