மணலுக்கு ஏற்ற மனு

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆருக்குக் கிழக்கே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருப்பவர்களின் நலச் சங்கத்தில் நான் உறுப்பினர். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று வரிசையாக வரும் இந்த ஊர்களெல்லாம் 2011 வரை ஊராட்சிகள். சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்தவை. ஊராட்சி என்ற பெயரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் அப்படி வருவதில்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மாநகராட்சியில் கவுன்சிலர்களே கிடையாது. போய்ச் சொல்ல ஓர் ஆள் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் இந்தப் பக்கத்துச் சங்கங்களுக்கு வேலை கூடியது.

கடலோரத்தில் எதுவும் சீக்கிரம் கெட்டுப்போகும். உப்புக்காற்று பட்டுத் தெருவிளக்குக் கம்பம் அடியில் துருப்பிடித்து அரித்துப்போகும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்க, தரையோடு சேரும் இடத்தில் விரலால் குத்தினால் பொருக்கு உதிரும். மின்சாரப் பில்லர் பெட்டியின் கதவு கழன்று விழுந்து கம்பிகள் வெளியே தெரியும். நகரின் உள்பகுதிக்கு வகுத்த பராமரிப்புக் கணக்கு இங்கே போதாது. இதைச் சொல்லிப் புரியவைப்பதே எங்கள் மனுக்களில் பாதி. மாநகராட்சியின் உதவி எண்ணான 1913-க்குப் போன் செய்தால் புகார் எண் கிடைக்கும், கம்பத்தையும் மாற்றுவார்கள். ஆனால் அடுத்த கம்பம் விழுவதற்கு முன்பே மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையைப் பதிவுசெய்யப் புகார்ப் பட்டியலில் இடமில்லை. அதற்கு ஆட்கள் சேர்ந்து நேரில் போய் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு முக்கியமானது எங்கள் காலடியில் இருக்கும் மணல். திருவான்மியூரிலிருந்து தெற்கே கோவளம் வரை நீளும் இந்த மணற்பரப்பு மழையை நேராக உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே இறங்கிய நல்ல நீர், கடலிலிருந்து வரும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியல் கணக்கு. அப்படியென்றால் மேலே 1 அடி இறங்கினால் கீழே உப்பு அத்தனை அடி ஏறிவிடும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கும், கிணற்றில் வாளி இறக்கும் மீனவர் குப்பத்து வீடுகளுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

இதனால்தான் ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு கோவளம் வடிநிலத்தில் மழைநீர் வடிகால் கட்டும் திட்டம் வந்தபோது, சாலைக்குக் கிழக்கே அது வேண்டாம் என்று குடியிருப்போர் எதிர்த்தார்கள். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வசதி கேட்டுப் போராடும் சங்கங்களே வந்த வசதியை மறுக்கின்றனவே என்று வெளியூர் நண்பர்கள் கேட்டார்கள். குப்பத்துப் பெரியவர் ஒருவர் அப்போது சொன்னதை அவர்களுக்குச் சொன்னேன்: "மழை பெஞ்சா மணலு குடிச்சிரும் சார். அது குடிக்கிற தண்ணிய சிமெண்டு கால்வாய் கட்டிக் கடலுக்கு அனுப்பிட்டு, அப்புறம் லாரிக்கு எதுக்கு நிக்கணும்?"

ஆனால் மணல் மழையை மட்டும் குடிப்பதில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கழிவுநீர்த் தொட்டி. தொட்டி நிறைந்தால் லாரி வரும். நிறையாமலே இருந்தால் வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி, லாரிச் செலவு மிச்சம். எனக்கு அதுதான் கவலை. நிறையாத தொட்டி என்பது அடியில் கசியும் தொட்டி. அந்தக் கழிவு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போவதைத் தடுக்க மணலில் எதுவும் இல்லை. ஆகவே எங்கள் பக்கத்துக்கு வரிசை இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: முதலில் பாதாளச் சாக்கடை, பிறகு குடிநீர்க் குழாய், அதன் பிறகுதான் சாலையும் மற்றவையும். சாலையை முதலில் போட்டால் குழாய் பதிக்க மறுபடி வெட்டுவார்கள் என்பது போகட்டும். சாக்கடை தாமதமாகும் ஒவ்வொரு மழைக்காலமும் நிலத்தடி நீரில் சேர்க்கும் அழுக்கை எந்த மனுவாலும் திரும்ப எடுக்க முடியாது.

விளக்கு விஷயத்தில் சங்கத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கடற்கரையில் உயர்கோபுர விளக்கு வேண்டும் என்கிறவர்களின் பயம் நியாயமானது. இருட்டிய பிறகு பெண்கள் நடக்கும் இடம் அது. அதே மணலில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் ஏறி வந்து முட்டையிடுகின்றன. பொரிந்த குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நகரும். விளக்கு சாலைப் பக்கம் எரிந்தால் சாலைக்குத்தான் வரும். கடலாமைகளைக் காக்கும் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பாதுகாத்து வருகிறது. தெருவுக்குள் நன்றாக விளக்கு, கடலைப் பார்த்த முனைகளில் மறைப்புப் போட்ட தாழ்வான விளக்கு, அந்த மாதங்களில் பின்னிரவில் அதையும் அணைப்பது என்று கேட்கலாம் என்பது என் கட்சி.

இதையெல்லாம் யார் கூடி முடிவு செய்வது? சந்தா கட்டும் வீட்டுக்காரர்களின் பட்டியல்தான் சங்கம். வலை காயும் கரையும் மீன் ஏலம் போடும் இடமும் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. குப்பத்துக்கென்று ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. அவர்களும் தனியாக மனு கொடுக்கிறார்கள். இரண்டு மனுவும் ஒரே மேசைக்குப் போகின்றன, ஆனால் கொடுத்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியிருப்பதில்லை. நாங்கள் கரையைச் 'சுத்தம்' செய்யச் சொல்லி எழுதும்போது, மீன் விற்கும் பெண்கள் உட்காரும் நிழலுக்கே அது வினையாகலாம். அவர்களுக்குத் தேவையான கழிப்பறையும் மீன் கழுவத் தண்ணீரும் எங்கள் மனுவில் ஒருமுறைகூட இடம்பெறாமல் போகலாம்.

2022-ல் வந்த விதிகளின்படி நகரங்களிலும் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. கிராம சபைபோல, அந்தப் பகுதியின் வாக்காளர்கள் வந்து பேசலாம்; சந்தா ரசீது வேண்டாம். அடுத்த பகுதி சபைக்குக் குப்பத்துப் பஞ்சாயத்தும் சங்கமும் சேர்ந்து ஒரே கோரிக்கையாகப் போக வேண்டும் என்று செயற்குழுவில் சொல்லியிருக்கிறேன். முதல் வரி பாதாளச் சாக்கடை. இரண்டாவது, மீன் விற்கும் இடத்துக்குக் கூரையும் தண்ணீரும் பெண்களுக்குக் கழிப்பறையும். விளக்கு எங்கே, எவ்வளவு என்பதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.