மறைக்கலாகாத வலி

தஞ்சைத் தரணியில் நாள் முழுதும் நடவு வயலில் நிற்கும் பெண்களின் கெண்டைக்காலில் நாளங்கள் புடைத்து நெளிந்தோடுவதைக் காணாதார் இலர். அடுப்படியில் நின்றே முதுமையெய்திய நம் தாய்மார்களுக்கும் இது புதிதன்று. ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்பார்கள். உண்மையில் அது நரம்பன்று. இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பியனுப்பும் சிரை. அதில் தேங்கும் இரத்தம் சிலருக்கு உறைந்துவிடுகிறது.

என் உம்மாவுக்கு அவ்வாறு நேர்ந்தது. முழங்காலின் உட்புறம் தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. உள்ளே முறுக்கிய கயிறு போன்றதொன்று விரலில் தட்டுப்பட்டது. அந்நியரிடம் காலைக் காட்டுவதா என்று மூன்று நாள் மறைத்தார்கள். விஷயமறிந்த அண்டை வீட்டார் எண்ணெய் காய்ச்சி அழுத்தித் தேய்க்கச் சொன்னார்கள். உறைவுள்ள இடத்தை அவ்வாறு தேய்க்கலாகாது. நோய் தீர மருத்துவரிடம் காட்ட மார்க்கத்தில் தடையில்லை என்று எடுத்துரைத்து, தஞ்சையில் பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம்.

அவர் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் செய்தார். உறைவின் நீளத்தையும், அது ஆழ்சிரையை எவ்வளவு நெருங்கியுள்ளது என்பதையும் அதுவே காட்டும். கணுக்காலிலிருந்து தொடையிடுக்கு வரை செல்லும் இச்சிரைக்கு மருத்துவ நூல்கள் தரும் ‘ஸஃபீனஸ்’ என்னும் பெயர், இப்னு ஸீனா கையாண்ட ‘ஸாஃபின்’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது என்பர். தொடையிடுக்கில் அது ஆழ்சிரையோடு கலக்கிறது. அவ்விடத்தை உறைவு நெருங்கினால் சிகிச்சையும் தீவிரமாகும்.

சிறிய உறைவுக்கு நடை, காலை உயர்த்தி வைத்தல், வெந்நீர் ஒத்தடம், இறுக்கமான காலுறை, மருத்துவர் தரும் வலி மாத்திரை ஆகியவை பெரும்பாலும் போதும். நீளம் 5 செ.மீ. அல்லது அதற்கு மேலானால் உறைவைத் தடுக்கும் ஊசி தேவைப்படலாம். ஏறத்தாழ 3,000 பேரிடம் நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஆய்வில், ஃபோண்டாபாரினக்ஸ் ஊசியை 45 நாள் போட்டுக்கொண்டோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே சிக்கல் நேர்ந்தது. மருந்தில்லா ஊசி பெற்றோரில் நூற்றுக்கு ஆறு பேருக்கு நேர்ந்தது. உம்மாவும் 45 நாள் ஊசி போட்டு நலமடைந்தார்கள்.

கால் முழுதும் வீங்கினாலும், திடீரென மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. உறைவு நுரையீரலை அடைந்திருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து.

அன்பு மக்களே! உங்கள் தாயாரிடம் கால் வலிக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.