எந்த சேகரம்?

தூத்துக்குடியை விட்டு ஓர் இறையியல் கல்லூரி வளாகத்தில் நாங்கள் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. எங்களில் ஒருவர் இறையியல் படிக்கிறார், மற்றவர் சமூகப் பணியில் இருக்கிறார், மகள் மூன்றாம் வகுப்பு.

வளாகத்தில் யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. “எந்த ஊர்?” என்பார்கள். தூத்துக்குடி என்று சொன்னால் போதாது. “தூத்துக்குடியில எங்க? எந்த சேகரம்?” தென்மாவட்ட சிஎஸ்ஐ கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் தெரியும். சேகரம் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெருவே சாதியைச் சொல்லிவிடும். பிறகு சிலர் ‘ஸ்தோத்திரம்’ சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ தலித்துகள் இன்னும் வெளியேதான். ஆக, சர்க்கார் கணக்கில் எங்களுக்குச் சாதி இல்லை. அடுத்த வீட்டுக்காரர் கணக்கில் இருக்கிறது.

எங்களுக்கு நண்பர்கள் கிடைத்தது ஜெபக்கூட்டத்தில் அல்ல, கருவாட்டில். ஊரிலிருந்து வந்த நெத்திலியை வறுத்தபோது எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல்: “அக்கா, எங்களுக்கும் கொஞ்சம் வைங்க.” அன்று போன கிண்ணம் மறுநாள் புளிக்குழம்போடு திரும்பியது. இன்னொரு வீட்டுக்குக் கொடுத்த கிண்ணமும் திரும்பியது, நன்றாகக் கழுவி, உள்ளே ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு. அந்த வீட்டில் சமைத்தது எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு அவர்கள் வரும்போதெல்லாம் “இப்பதான் சாப்பிட்டோம்” என்பார்கள். சமூகவியல் பாடத்தில் படித்த ‘சமூக இடைவெளி’யை அந்தக் கிண்ணம் தெளிவாகக் காட்டியது.

மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ‘பரட்டை’ தியாபிலஸ் அப்பாவு (1940–2005) இதை முன்பே பேசியவர். நாட்டுப்புற இசையைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்த தலித் இறையியலாளர். ‘ஒரு உலை’ என்பது அவர் வைத்த கருத்து: ஒரே உலையில் சமைத்து, எல்லோரும் சேர்ந்து உண்பது. திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டுவிட்டு வீட்டில் தனித்தனி உலை வைக்கும் சபைக்கு அவர் வைத்த கேள்வி அது.

ஆனால் உலையோடு நின்றால் போதுமா? சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது, கலப்பு மணமே மருந்து என்று அம்பேத்கர் 1936இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதிவிட்டார். எங்கள் கடற்கரையிலும் ஒரு பேச்சு உண்டு: முத்துக் குளிக்கிறவன் கடலுக்குள் இறங்கும்போது மேலே கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவான். உயிரை நம்பிக் கொடுக்க உறவு வேண்டும் என்பது அதன் பொருள். உறவு சாதிக்குள்ளேயே இருந்தால் நம்பிக்கையும் சாதிக்குள்ளேயே இருக்கும். சாதி தாண்டிய நட்பு என்று நாம் பெருமைப்படுவதெல்லாம் பெரும்பாலும் கயிறு தேவைப்படாத நேரத்து நட்பு.

அதனால்தான் எதிர்வீட்டு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஆதிக்க சாதியில் பிறந்தவர். போன வருடம் அவருடைய தம்பி ஒரு தலித் பெண்ணை மணக்க முடிவெடுத்தார். “நீ சொன்னா கேப்பான், தடுத்து நிறுத்து” என்று வீட்டார் இவரை நெருக்கினார்கள். இவர் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இன்றுவரை அம்மா வீட்டுக்குள் அவரால் போக முடியவில்லை.

புதிதாக இத்தகைய வளாகங்களுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். சேகரம் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கிண்ணம் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். பிஸ்கட் பாக்கெட் வந்தால் வருந்த வேண்டாம், சீக்கிரமே தெரிந்தது நல்லது. குழம்போடு திரும்பினால் மகிழுங்கள். ஆனால் கயிற்றைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். அந்தக் கை எதற்கெல்லாம் கையெழுத்துப் போடும் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.