பாடபேதம்

வித்துராவில், பொன்முடி மலையடிவாரத்து ஐசர் வளாகத்தின் விடுதி. மழை ஓயாத ஒரு மாலையில் மலையாள மாணவர் ஒருவர் ‘தாமசமெந்தே வருவான்’ பாடலைப் பாடினார். 1964இல் வெளிவந்த ‘பார்கவி நிலையம்’ படத்திற்காக பி. பாஸ்கரன் எழுதி, பாபுராஜ் இசையமைத்து, யேசுதாஸ் பாடியது அது. பஷீரின் கதையிலிருந்து பிறந்த அப்படத்தில் பார்கவி இறந்துபோனவள். ஆகவே பாடலின் காத்திருப்புக்கு முடிவில்லை.

கேட்டிருந்த தமிழ் ஆய்வு மாணவி அதைத் தலைவி கூற்றாகவே கொண்டார். தாமசம் என்பது தாமதம்; வருவான் என்றால் தலைவன் வருவான்; பாட்டில் விளிக்கப்படும் சகி, தோழி. முல்லைத்திணையின் இருத்தல் குறைவின்றிப் பொருந்திவிட்டது.

பாடியவர் சிரித்தபடி திருத்தினார். மலையாளத்தில் அந்த ‘வருவான்’ வினைமுற்று அன்று. ‘வருவதற்கு’ எனப் பொருள்படும் எச்சம். சகிதான் காதலி. காத்திருப்பவன் ஆண்.

மாணவிக்கு வெட்கம் அதனால் மட்டும் அன்று. வான், பான், பாக்கு ஆகியவற்றை நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளுள் எண்ணுகிறது. ‘காண்பான் வந்தேன்’ என்றால் காண்பதற்கு வந்தேன். தமிழ்ப் பேச்சு கைவிட்ட வடிவத்தை மலையாளம் இன்றும் போற்றி வைத்திருக்கிறது. அவர் தவறவிட்டது அயல்மொழியின் சொல்லை அன்று, தம் மொழியின் பழைய சொல்லை.

இப்பாடலுக்கு வடிவங்கள் பல. பாபுராஜ் தாமே பாடிய பதிவும் கேட்கக் கிடைக்கிறது. இசை அமைத்தவரின் குரல் மூலமா, திரையில் ஒலித்த குரல் மூலமா என்ற வினா அங்கேயே எழுந்துவிடுகிறது. 2023இல் ‘நீலவெளிச்சம்’ படத்தில் பழைய பாடல்கள் மறுஆக்கம் பெற்றபோது பாபுராஜின் குடும்பத்தார் ஆட்சேபித்தனர். உரிமை பெற்றே செய்ததாகப் படக்குழு விடையளித்தது. உரிமையைப் பத்திரங்கள் தீர்க்கலாம். பொருளைத் தீர்ப்பது எது?

சில நாள் கழித்து அம்மாணவி அதே பாடலை ஒரு பெண்குரலில் கேட்டார். சொற்கள் மாறவில்லை, இலக்கணமும் இப்போது தெரியும். ஆயினும் தலைவி அகலவில்லை. தோழியிடம் அவள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

திருத்திய பின்னும் நிற்கும் இவ்வாசிப்பைப் பிழை என்று அடிப்பதா, பாடபேதம் என்று குறித்து வைப்பதா?