வெள்ளைக் கோலும் வழிகாட்டி நாயும்

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்கு, நாய் என்றால் இரண்டே வகைதான். ஒன்று, எங்கள் இஸ்தோப்பில் சுருண்டு கிடந்த பெயரில்லாத நாய். மற்றது, துரை பங்களாவின் நாய். அது குரைத்தால் எங்கள் பெரியவர்கள் பாதையை விட்டிறங்கித் தேயிலைக்குள் ஒதுங்கி நின்றதைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது வகையை இலண்டனில்தான் கண்டேன். என் பள்ளித்தோழர் ஒருவர் அங்கே நீரிழிவினால் பார்வையிழந்து, வழிகாட்டி நாயொன்றுடன் நடமாடுகிறார். என்னை வரவேற்க வந்த அந்த லாப்ரடோரின் சாந்தமான முகத்தைக் கண்டதும், நடந்தவாறே பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டிவிட்டேன். அது தலையைத் திருப்பிய நொடியில் நடைபாதை விளிம்பில் நண்பரின் கால் சறுக்கியது. நல்லவேளை, விழவில்லை.

"வேலை நேரத்துல கங்காணியைக் கூப்பிட்டு வடை குடுப்பியாடா நீ?" என்றார். சிரித்தாரெனினும் எனக்கு உடல் நடுங்கிவிட்டது.

கைப்பிடிப் பட்டை முதுகில் இருக்கும்வரை அது பணியில் இருக்கிறது. தடவுவதோ, பெயர் சொல்லி அழைப்பதோ, தின்னக் கொடுப்பதோ கூடாது. பேசுவதை மனிதரிடம் பேசவேண்டும். உதவ விரும்பினால் முதலில் கேட்கவேண்டும். நாய் பெரும்பாலும் இடப்பக்கம் நடப்பதால், வலப்பக்கம் நின்று முழங்கையை நீட்டலாம். சமிக்ஞை விளக்கைப் பார்த்து நாயே வீதியைக் கடக்கிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அப்படியல்ல. ஓசையைக் கேட்டு முடிவெடுப்பவர் மனிதர். ஆனால் வாகனம் வந்துவிட்டால் அவரது கட்டளையை மீறி நிற்கவும் நாய் பழக்கப்பட்டிருக்கிறது. மீறுவதே கடமையாகும் உத்தியோகம்! பத்திரிகைக்காரனுக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது.

முதலாம் உலகப்போரில் கண்ணிழந்த படையினருக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பேர்க்கில் இதற்கான பயிற்சிப்பள்ளி தொடங்கப்பட்டது. பிரித்தானியாவில் 1931இல் நான்கு நாய்களுடன் ஆரம்பித்தார்கள்.

எங்கள் மலையகத்தில் அத்தகைய நாயை நான் கண்டதில்லை. வழுக்கும் லயத்துப் படிகள், செங்குத்தான குறுக்குப்பாதைகள், கூட்டமாகத் திரியும் ஊர்நாய்கள். இவற்றுக்கிடையே நான் அறிந்த பார்வையற்றோருக்கு வெள்ளைக் கோலும் பேரப்பிள்ளையின் தோளுமே துணை.

ஊர் திரும்பிய சில நாட்களில், ஹட்டன் பஸ் நிலையத்தில் வெள்ளைக் கோலுடன் ஒரு முதியவர் நின்றிருந்தார். நல்லெண்ணம் கொண்ட இளைஞர் ஒருவர் அக்கோலின் நுனியைப் பிடித்து அவரை இழுத்துச் செல்ல முற்பட்டார். பெரியவர் தடுமாறினார். நான் குறுக்கிட்டு, இலண்டனில் கற்ற வித்தையுடன், "ஐயா, என் கையைப் பிடிச்சுக்கிறீங்களா?" என்று முழங்கையை நீட்டினேன்.

"வேணாங்க தம்பி. தலவாக்கலை பஸ் எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

வலப்பக்கம் மூன்றாவது என்றேன். தூறலில் கோலைத் தட்டியபடி அவரே போய் ஏறிக்கொண்டார்.