அடி நிறம்

சென்ற தை மாதம் ஊரில் ஒரு திருமணம். அதற்கு ஐந்து நாள் முன்னதாகப் பெங்களூரிலிருந்து சேவூருக்கு வந்து இறங்கிய எங்கள் தம்பி மகளின் தலையில், நெற்றியிலிருந்து தோள் வரை பொன்னிறக் கீற்றுகள் பளபளத்தன. தெருவில் பாவு போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவளுடைய அம்மாவும் அத்தைமார் இருவருமாக நாங்கள் மூவரும் அன்றிரவே தீர்மானித்துவிட்டோம்: திருமணத்துக்குள் இந்தத் தலை பழையபடி ஆகிவிட வேண்டும். கறுப்பு என்றுதான் முதலில் சொன்னோம். "என் முடி எப்பவுமே பழுப்புதான் அத்தை, கறுப்பு வேண்டாம்" என்றாள். அந்த ஒரு வாக்கியம்தான் அவள் பங்கு. மற்றதையெல்லாம் நாங்களே பேசி முடித்தோம்.

வகுப்பறையில் கூந்தலைப் பற்றி எத்தனை ஆண்டுகளாகப் பேசியிருக்கிறோம்! ஐம்பாலாக வகுத்து முடித்த கூந்தல், நீர் வடிந்த ஆற்றில் அறல் பட்டுக் கிடக்கும் கருமணல் போன்ற கூந்தல் என்று உவமைகளை அடுக்குவோம். சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியில் பொன்னிறம் படர்ந்தால் அது பசலை, பிரிவின் நிறம். இதை அவளிடம் பாதி விளையாட்டாகச் சொல்லியும் வைத்தோம். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆரணிக்குப் போய்ப் பழுப்புச் சாயப் பெட்டி ஒன்று வாங்கி வந்தோம். பாரீஸில் யூஜின் ஷுல்லெர் என்ற இளம் வேதியியலாளர் 1907இல் தலைச்சாயம் தயாரித்து விற்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த தொழில் இது. இன்றைய நிலைச்சாயங்கள் பலவற்றில் பாரா-ஃபெனிலீன்-டைஅமின் என்ற பொருளோ அதன் உறவுப் பொருளோ இருக்கிறது. சிலருக்கு அது ஒவ்வாமையை உண்டாக்கி முகத்தை வீங்க வைத்துவிடும். தோலில் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே பூச வேண்டும் என்று அட்டையில் அச்சிட்டும் இருந்தது. கையில் நான்கு நாள் இருந்தும் நாங்கள் பொறுக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்; அதை எங்கள் திறமையில் சேர்க்க முடியாது.

தலையை அலசியபோது பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் பழுப்பு வரவில்லை. கீற்றுகள் இருந்த இடமெல்லாம் மழைக்காலத்துக் குளப்படியின் நிறம். பாசி. பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "இன்னொரு பெட்டி போட்டால் மறைந்துவிடும்" என்று எங்களில் ஒருவர் சொன்னதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் அப்பா நாற்பது ஆண்டுகள் சாயப்பட்டறையில் வேலை செய்தவர். பட்டுக்குச் சாயம் ஏற்றியே எங்களைப் படிக்க வைத்தார். அந்தக் கையின் நகங்களில் எப்போதும் ஏதாவதொரு நிறம் ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்து விழாவுக்கு அவர் வந்தால் நாங்கள் அவர் கையைத்தான் முதலில் பார்ப்போம், கொஞ்சம் கூச்சத்தோடு. பட்டறையை விட்டுப் பத்தாண்டுக்கு மேலாகிறது. இரண்டு நாளாக வீட்டில் நடந்ததைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் அவரைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றவேயில்லை என்பதுதான் உண்மை.

மூன்றாம் நாள் காலையில் அவரே அவளைக் கூப்பிட்டார். "வெளிச்சத்துக்கு வா கண்ணு" என்று வாசலுக்கு அழைத்துப் போனார். குழல்விளக்கில் நிறம் பார்க்கக் கூடாது என்பது பட்டறைப் பாடம். இளங்காலை வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். ஒரு கீற்றை விரலில் சுற்றி, நனைத்து, இழுத்துப் பார்த்தார். "அடி நிறம் இல்லாத நூல்மேல பழுப்பு ஏத்தினா பச்சைதான் அடிக்கும். இவங்களுக்குத் தெரியாது" என்றார்.

அவர் சொன்னதன் விளக்கத்தைப் பிறகு தேடிப் படித்துக்கொண்டோம். 1818இல் தெனார் கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடுதான் முடியை வெளுப்பதற்கு இன்றும் முதன்மையான பொருள். அது முடிக்குள் இருக்கும் மெலனினைச் சிதைக்கிறது. கறுப்பு போகும் வழியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்து, கடைசியில் வெளிர் மஞ்சள் மிஞ்சுகிறது. பழுப்பு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றின் கூட்டு. வெளுத்த முடியில் சிவப்பு இல்லை. அதன்மேல் நீலச்சாயல் கொண்ட பழுப்பைப் பூசினால், மிச்சமிருக்கும் மஞ்சளோடு அந்த நீலம் சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. வெளுத்த முடி துளைகள் மிகுந்தது என்பதால் சாயத்தை ஆவலோடு குடித்து, அதே வேகத்தில் விட்டும்விடுகிறது. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சினால் செரிசின் என்ற பசை கரைந்து, எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை போய்விடும். பசை போனால்தான் பட்டு சாயத்தைச் சீராக ஏற்கும். அதிகம் காய்ச்சினாலோ இழை நைந்துவிடும். அப்பாவுக்கு மெலனின் என்ற பெயர் தெரியாது. நைந்த இழை எது என்று விரலுக்குத் தெரியும்.

அடுத்து அவர் கேட்டதைத்தான் எழுத வேண்டும் என்று இத்தனை நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. "உனக்கு எந்த நிறம் வேணும், சொல்லு. மாதிரி இருக்கா?"

பட்டறையில் யார் வந்தாலும் கேட்கும் கேள்விதான் அது. சேலை நெய்பவர் ஒரு துண்டு நூலையோ பழைய சேலையின் கிழிசலையோ கொண்டுவருவார். அது இல்லாமல் அண்டாவில் தண்ணீர்கூட ஊற்ற மாட்டார். மூன்று நாளாக அந்தத் தலையைப் பற்றி ஓயாமல் பேசிய எங்களில் ஒருவர்கூட இதை அவளிடம் கேட்டிருக்கவில்லை. அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு பின்கழுத்தில், சாயம் எட்டாத இடத்திலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது தாத்தா."

முதலில் சிவப்பைக் கொடுக்க வேண்டும், பிறகுதான் கருமை. சிவப்புக்குக் கொல்லையில் மருதாணி இருந்தது. கருமைக்கு நாட்டு மருந்துக் கடையில் அவுரி இலைப்பொடி வாங்கினோம். மருதாணி என்று விற்கும் பொட்டலங்கள் சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். பெராக்சைடு பட்ட முடியில் அது ஆபத்து. ஆகவே இலையை நாங்களே அரைத்தோம். காதுக்குப் பின்னால் ஒரே ஒரு கற்றையில் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, அன்று முழுவதும் அப்பா காத்திருந்தார். எங்களுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் மருதாணி, இரண்டு மணி நேரம். அலசியபோது கீற்றுகள் செம்பு நிறத்தில் எரிந்தன; பச்சையைச் சிவப்பு விழுங்கியிருந்தது. தம்பி மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாலையில் அவுரியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துக் கால் மணி நேரம் வைத்துப் பூசினோம். வேர்ப்பக்கம் தொடாமல், கீற்று கீற்றாக அப்பாதான் பிரித்துக் கொடுத்தார். வெளுத்த முடி சீக்கிரம் குடிக்கும் என்பதால் இருபதாம் நிமிடத்திலேயே "போதும், அலசு" என்றார். ஈரத்தில் நிறம் மங்கலாக, சற்றுப் பசுமையோடுதான் இருந்தது. அவுரி காற்றுப்பட்டு ஓரிரு நாளில்தான் முதிரும். திருமணத்தன்று விடியலில் வாசலில் நிறுத்திப் பார்த்தோம். புளியங்கொட்டையின் பழுப்பு. மாதிரி முடியைவிட ஒரு சாயை சிவப்பு கூடுதல் என்று அப்பா குறைபட்டுக்கொண்டார். எங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பெங்களூருக்குப் போன பிறகு ஏறத்தாழ ஆறு வாரம் அந்த நிறம் நின்றது. முதலில் வெளியேறுவது அவுரிதான். ஆகவே நுனிகள் செம்பாக மாறத் தொடங்கின. படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நாங்கள் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் ஊருக்கு வா, திரும்பப் போட்டுவிடலாம் என்று எழுதினோம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "இந்தச் செம்பு எனக்குப் பிடித்திருக்கிறது, அத்தை. இப்படியே இருக்கட்டும். தாத்தாவிடம் காட்டுங்கள்."

காட்டினோம். அப்பா கைப்பேசியை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, நனைத்த வெள்ளைத் துணியால் முடியைத் துடைத்துப் பார்த்தாளா, சாயம் ஒட்டுகிறதா என்று கேட்டு எழுதச் சொன்னார்.